இரும்புக் கப்பலும் காந்த ஊசியும்

நேயர்களே, காந்தக் கல்லைத் தொடாமல், மின்சாரத்தின் துணையும் இல்லாமல், வெறும் இரும்புத் தகட்டைக் காந்தமாக்க முடியுமா? முடியும் என்று சீனர்கள் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள்.

சோங் அரச மரபின் காலத்தில், 1044-ஆம் ஆண்டில் முடிக்கப்பெற்ற போர்க்கலை நூல் ஒன்று உண்டு. 'வூ ஜிங் சோங் யாவ்' என்பது அதன் பெயர். இருண்ட இரவிலும், மேகம் மூடிய பகலிலும் படை வழி தவறாமல் செல்வதற்கு அந்த நூல் ஒரு சிறு கருவியைச் சொல்கிறது. மெல்லிய இரும்புத் தகட்டை இரண்டு அங்குல நீளமும் அரை அங்குல அகலமும் உள்ள மீன் வடிவில் வெட்டிக்கொள்ள வேண்டும். அதைக் கரி நெருப்பில் செக்கச் சிவக்கக் காய்ச்ச வேண்டும். பிறகு தலைப்பக்கத்தை இடுக்கியால் பிடித்து எடுத்து, வால் நேர் வடக்கே இருக்கும்படி திருப்பி, வால் நுனியைத் தண்ணீரில் தோய்த்துக் குளிர வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. காற்று வீசாத இடத்தில் ஒரு கிண்ணத்து நீரில் அந்த மீனை மிதக்க விட்டால், அதன் தலை தெற்கே திரும்பி நிற்கும்.

கேட்பதற்கு மாய வித்தை போல இருக்கிறது. அந்த மீனின் மேல் யாரும் காந்தக் கல்லைத் தேய்க்கவில்லை. அப்படியானால் அதற்குக் காந்தத்தைக் கொடுத்தது எது? நாம் நின்றுகொண்டிருக்கும் பூமிதான். சூடேறிய இரும்பு, வடக்கு தெற்காக வைக்கப்பட்டுக் குளிரும்போது பூமியின் காந்தத்தைத் தனக்குள் வாங்கிக்கொள்கிறது. சீனப் படைவீரனுக்கு வழிகாட்டிய இந்த உண்மைதான், எண்ணூறு ஆண்டுகள் கழித்து, அயர்லாந்துக் கடற்கரையில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களைக் கடலில் மூழ்கடித்தது. அது எப்படி என்பதைச் சொல்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் இரும்புக்குள் நடப்பதைப் பார்ப்போம். ஓர் இரும்புத் துண்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற சிறு காந்தப் பகுதிகள் இருக்கின்றன. சாதாரண இரும்பில் அவை ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். சந்தைக்கூட்டத்தில் நிற்பவர்களைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் வலிமையை இன்னொன்று கெடுத்துவிடுவதால், வெளியே காந்தம் தெரிவதில்லை. அவற்றுள் பெரும்பாலானவை ஒரே பக்கம் திரும்பிவிட்டால், அந்தத் துண்டு காந்தமாகிவிடும். காந்தக் கல்லால் ஒரே திசையில் பலமுறை தேய்க்கும்போது இதுதான் நடக்கிறது. இரும்பை ஏறத்தாழ 770 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கினால், உள்ளிருக்கும் ஒழுங்கு முழுவதும் குலைந்து போகிறது. மறுபடி குளிரும்போது, பக்கத்தில் எந்தக் காந்த விசை இருக்கிறதோ அதன் திசையில் அவை அணிவகுத்துக்கொள்கின்றன. பக்கத்தில் வேறொன்றும் இல்லாவிட்டால் பூமியின் விசை இருக்கவே இருக்கிறது. சூடாக்காமல், வடக்கு தெற்காகக் கிடத்திச் சம்மட்டியால் ஓங்கி ஓங்கி அடித்தாலும் ஓரளவுக்கு இதே விளைவு உண்டாகும். ஒவ்வோர் அடியிலும் அந்தச் சிறு பகுதிகள் குலுங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகின்றன. இந்தச் சம்மட்டியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு நமக்கு அது தேவைப்படும்.

சீனர்கள் மீனோடு நின்றுவிடவில்லை. 1088-ஆம் ஆண்டு வாக்கில் ஷென் குவோ என்ற பேரறிஞர், காந்தக் கல்லில் தேய்த்த ஊசியைப் பட்டு நூலின் ஒற்றை இழையில் சிறிது மெழுகால் ஒட்டித் தொங்கவிடும் முறையை எழுதினார். அந்த ஊசி நேர் தெற்கைக் காட்டுவதில்லை, சற்றே கிழக்கே ஒதுங்கி நிற்கிறது என்பதையும் அவர் குறித்து வைத்தார். மிக நுட்பமான கண்! அடுத்த முப்பது ஆண்டுகளுக்குள் சூ யூ என்பவர் எழுதிய நூலில், கடலோடும் சீன மாலுமிகள் இரவில் விண்மீன்களையும் பகலில் கதிரவனையும் பார்ப்பார்கள், வானம் இருண்டால் தெற்கு காட்டும் ஊசியைப் பார்ப்பார்கள் என்ற செய்தி வருகிறது. பிற்காலத்தில் மலாக்காவுக்கு வந்து போன செங் ஹோவின் கப்பல்களும் இந்த ஊசியை நம்பித்தான் ஓடின. அப்பயணங்களோடு தொடர்புடையதாகக் கருதப்படும் சீனக் கடல்வழிப் படத்தில் மலாக்காவும், தெமாசெக் என்ற பழைய சிங்கப்பூரும் இடம்பெற்றுள்ளன. எந்த ஊசித் திசையில் எவ்வளவு நேரம் செல்ல வேண்டும் என்ற குறிப்புகள் அதில் வழிநெடுக எழுதப்பட்டிருக்கின்றன. வட்டத்தை 24 பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்குக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்.

இந்தியப் பெருங்கடலிலும் இரும்பு மீன் நீந்தியிருக்கிறது. 1282-இல் பைலக் என்ற அரபு மொழி எழுத்தாளர், தாம் நாற்பது ஆண்டுகளுக்கு முன் மத்தியதரைக் கடலில் மிதக்கும் ஊசியைக் கண்டதையும், இந்தியக் கடலில் செல்லும் கப்பல் தலைவர்கள் உள்ளே குடைந்த இரும்பு மீனைத் தண்ணீரில் மிதக்க விட்டுத் திசை அறிவதையும் எழுதியிருக்கிறார்.

ஐரோப்பாவில் 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் ஊசியைப் பற்றிய பேச்சு ஏடுகளில் தொடங்குகிறது. பிரான்சு நாட்டைச் சேர்ந்த பியேர் என்பவர், 1269-இல் இத்தாலியின் லூசேரா நகரை முற்றுகையிட்டிருந்த படையில் இருந்துகொண்டே, நண்பர் ஒருவருக்கு நீண்ட கடிதம் எழுதினார். காந்தத்துக்கு இரண்டு முனைகள் உண்டு, அதை இரண்டாக உடைத்தால் ஒவ்வொரு துண்டுக்கும் மறுபடி இரண்டு முனைகள் வந்துவிடும் என்று அதில் தெளிவாக விளக்கியிருந்தார். முற்றுகைப் பாசறையில் அவருக்கு நேரம் நிறையக் கிடைத்தது போலும்.

ஆனால் ஊசி ஏன் வடக்கே பார்க்கிறது என்பது யாருக்கும் விளங்கவில்லை. துருவ நட்சத்திரம் இழுக்கிறது என்றார்கள் சிலர். வடகோடியில் காந்த மலை ஒன்று நிற்கிறது என்றார்கள் வேறு சிலர். பூண்டின் மணம் பட்டால் காந்தம் வலிமை இழந்துவிடும் என்றும் ஒரு நம்பிக்கை நெடுங்காலம் ஏடுகளில் உலவி வந்தது. இத்தாலிய அறிஞர் போர்ட்டா, பூண்டு தின்னக்கூடாது என்று உங்களுக்குத் தடை உண்டா என மாலுமிகளையே கேட்டுப் பார்த்தார். பூண்டையும் வெங்காயத்தையும் விடுவதைக் காட்டிலும் உயிரை விடலாம் என்கிற வகையில் அவர்கள் பதில் சொன்னார்களாம். அவரும் காந்தத்தின் மேல் பூண்டுச் சாற்றைப் பூசிப் பார்த்தார். காந்தம் எப்போதும் போல இரும்பை இழுத்தது.

1581-ஆம் ஆண்டில் இலண்டனில் திசைகாட்டி செய்து விற்றுவந்த இராபர்ட் நார்மன் என்பவர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அவர் கடலோடிப் பழகியவர். பிறகு கருவி செய்யும் தொழிலுக்கு வந்தவர். ஊசியைச் சரியாக நிறுத்து, ஒரு பக்கமும் தாழாமல் முள்ளின் மேல் வைப்பார். பிறகு அதைக் காந்தக் கல்லில் தேய்ப்பார். தேய்த்த பின் பார்த்தால், அதன் வடமுனை கீழே தாழ்ந்திருக்கும். கனத்த பக்கத்தைக் கொஞ்சம் நறுக்கிச் சமன் செய்வது அவர் வழக்கம். ஒருமுறை பாடுபட்டுச் செய்த நல்ல ஊசி ஒன்றை, நறுக்கி நறுக்கிக் கடைசியில் அளவுக்கு மேல் குட்டையாக்கிப் பாழாக்கிவிட்டார். வந்த கோபத்தில், இந்தச் சாய்வின் காரணத்தைக் கண்டுபிடித்தே தீருவது என்று உட்கார்ந்தார். ஊசியை மேலும் கீழும் சுழலும்படி அமைத்து அளந்து பார்த்தபோது, இலண்டனில் அது கிடைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 72 பாகை கீழ்நோக்கிச் சாய்ந்தது. ஊசியைத் திருப்பும் விசை வானத்தில் இல்லை, காலடியில் இருக்கிறது என்பதற்கு அது பெரிய தடயமாயிற்று.

அந்தத் தடயத்தைப் பற்றிக்கொண்டு முழு விளக்கத்தை எட்டியவர் வில்லியம் கில்பர்ட். பிற்பாடு எலிசபெத் அரசிக்கே மருத்துவராக அமர்ந்தவர். 1600-இல் இலத்தீன் மொழியில் அவர் வெளியிட்ட காந்த நூல், பூமியே ஒரு பெரிய காந்தம் என்று முடிவு கூறியது. காந்தக் கல்லை உருண்டையாகக் கடைந்து, அதைக் குட்டிப் பூமியாக வைத்துக்கொண்டு, அதன் மேல் சிறு ஊசியை இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். உருண்டையின் நடுவரை அருகே ஊசி படுத்துக் கிடந்தது. முனையை நெருங்க நெருங்கச் செங்குத்தாக நிமிர்ந்தது. நார்மன் கண்ட சாய்வுக்கு இதுதான் பொருள்.

கில்பர்ட்டின் அந்த நூலில் ஒரு படம் உண்டு. கொல்லர் ஒருவர் பட்டறைக் கல்லின் மேல் காய்ச்சிய இரும்புக் கம்பியை வைத்து அடித்துக்கொண்டிருக்கிறார். படத்தின் ஒரு பக்கம் வடக்கு என்றும், மறுபக்கம் தெற்கு என்றும் எழுதியிருக்கிறது. வடக்கு தெற்காக வைத்து அடிக்கப்படும் இரும்பு தானே காந்தமாகிவிடும் என்பதைக் காட்டும் படம் அது. சீனர்களின் மீனில் இருந்த அதே உண்மைதான். இப்போது அதற்குக் காரணமும் சேர்ந்துகொண்டது. கப்பல் கட்டுபவர்கள் இந்தப் படத்தை ஒருமுறை உற்றுப் பார்த்திருக்கலாம். பார்க்க வேண்டிய தேவை அப்போது அவர்களுக்கு இல்லை. கப்பல்கள் மரத்தால் ஆனவை.

கில்பர்ட் ஓரிடத்தில் சறுக்கினார். பூமி திடமான காந்தம் என்றும், எனவே ஓர் இடத்தில் ஊசி காட்டும் திசை என்றும் மாறாது என்றும் அவர் நம்பினார். முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து கெல்லிபிராண்ட் என்ற ஆசிரியர் இலண்டன் அருகே அளந்து பார்த்தார். 1580-இல் உண்மை வடக்கிலிருந்து 11 பாகைக்கு மேல் கிழக்கே விலகியிருந்த ஊசி, இப்போது ஏறத்தாழ 4 பாகைதான் விலகியிருந்தது! பிறகு அது வடக்கைத் தாண்டி மேற்கே போய், 1820 வாக்கில் 24 பாகை மேற்கே நின்று, மீண்டும் திரும்பி, 2019-இல்தான் கிரீனிச்சில் உண்மை வடக்கோடு மறுபடி ஒட்டியது. பூமியின் உட்கரு திடக் காந்தமாக இருக்கவே முடியாது. அங்கே உள்ள வெப்பத்தில் இரும்பு காந்தத் தன்மையைக் காக்காது. சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் உருகிய இரும்பு ஓயாமல் புரண்டு ஓடுகிறது. அந்த ஓட்டத்தில் பிறக்கும் மின்சாரம்தான் காந்த விசையை உண்டாக்குகிறது. இது 20-ஆம் நூற்றாண்டில் தெளிந்த செய்தி. ஓட்டம் மாறுவதால் ஊசியின் திசையும் மாறுகிறது. ஹாலி என்ற வானியல் அறிஞர், வால்மீனால் நாம் அறிந்த அதே ஹாலிதான், 1698 முதல் 1700 வரை அட்லாண்டிக் கடலில் அலைந்து, ஊசியின் விலக்கத்தை இடம் இடமாக அளந்து படம் வரைந்து 1701-இல் அச்சிட்டார். விலக்கம் ஒரே அளவாக உள்ள இடங்களைக் கோட்டால் இணைக்கும் முறை அவரால்தான் பரவியது.

இதுவரை சொன்ன தவறெல்லாம் பூமியால் வருவது. இனி, கப்பலால் வரும் தவறுக்கு வருவோம்.

1801 முதல் 1803 வரை ஆஸ்திரேலியாவைச் சுற்றி வந்து கரை அளந்தவர் மாத்யூ பிளிண்டர்ஸ். கப்பலின் முகத்தைக் கிழக்கே திருப்பினால் ஊசி ஒன்று சொல்கிறது, மேற்கே திருப்பினால் வேறொன்று சொல்கிறது என்பதை அவர் கவனித்தார். மரக்கப்பல்தான், ஆனால் பீரங்கி, நங்கூரம், ஆணி என்று இரும்பு எவ்வளவோ இருந்தது. அதைவிட வியப்பு, வட அரைக்கோளத்தில் ஊசியின் வடமுனையை இழுத்த கப்பல் இரும்பு, தென் அரைக்கோளத்தில் தென்முனையை இழுத்தது. நிமிர்ந்து நிற்கும் இரும்பு எதுவும் பூமியின் விசையால் தற்காலிகக் காந்தமாகிறது. வடக்கே அதன் மேல்முனை ஒருவகை, தெற்கே அதற்கு நேர் மாறு. திரும்பும் வழியில் மொரீஷியஸ் தீவில் பிரெஞ்சுக்காரர்களிடம் அவர் சிறைப்பட்டார். அங்கிருந்து அவர் எழுதியனுப்பிய கட்டுரை 1805-இல் இலண்டனில் வாசிக்கப்பட்டது. ஊசிப் பெட்டியின் பக்கத்தில் ஓர் இரும்புத் தண்டை நிறுத்தி வைத்தால், எதிரிழுப்பாகி இந்தத் தவறு சரியாகும் என்பது அவருடைய யோசனை. இன்றும் கப்பல்களில் அதற்குப் பிளிண்டர்ஸ் தண்டு என்றே பெயர்.

பிறகு கப்பலே இரும்பாயிற்று. 1838-இல் 'ரெயின்போ' என்ற இரும்பு நீராவிக் கப்பலில் ஊசி முற்றிலும் நம்பமுடியாததாகிவிட, அரசு வானியலாளர் ஜார்ஜ் ஏரியை அழைத்தார்கள். அவர் கப்பலைத் துறையில் நிறுத்தி, அதன் முகத்தைத் திசைதோறும் திருப்பித் திருப்பி, ஒவ்வொரு திசையிலும் ஊசி எவ்வளவு தவறுகிறது என்று அளந்தார். கணக்குப் போட்டார். ஊசிப் பெட்டியருகே நிலைக் காந்தங்களையும் இரும்புத் துண்டுகளையும் பொருத்தி, கப்பல் இழுக்கும் இழுப்புக்கு எதிரிழுப்பு கொடுத்தார். ஊசி ஒழுங்குக்கு வந்தது. கப்பல் முதலாளிகளுக்கு மிகுந்த மகிழ்ச்சி. இனி இரும்புக் கப்பல் கட்டத் தடையில்லை.

இந்த மகிழ்ச்சியை ஏற்காதவர் ஒருவர் இருந்தார். வில்லியம் ஸ்கோர்ஸ்பி, திமிங்கில வேட்டைக் கப்பல் தலைவராக வடதுருவக் கடலில் பல்லாண்டுகள் கழித்தவர், பிற்காலத்தில் பாதிரியாரானவர். தட்டினால் இரும்பின் காந்தம் ஏறும், மறுபடி வேறு திசையில் வைத்துத் தட்டினால் மாறும் என்பதைக் கையால் செய்து பார்த்து அறிந்தவர். அவருடைய வாதம் எளிமையானது. இரும்புக் கப்பல் கட்டப்படும்போது மாதக்கணக்கில் ஒரே திசையில் கிடக்கிறது. அதன் தகடுகளில் ஆயிரமாயிரம் தறையாணிகள் சம்மட்டியால் அறையப்படுகின்றன. கில்பர்ட்டின் கொல்லர் செய்ததைத்தான் முழுக் கப்பலுக்கும் செய்கிறார்கள். ஆகவே கப்பல் பிறக்கும்போதே பெரிய காந்தமாகப் பிறக்கிறது. ஆனால் கடலில் இறங்கிய பிறகு அலைகள் அதை வேறு திசையில் வைத்து அறைகின்றன. காந்தம் குறையும், மாறும். துறையில் நின்றபோது ஏரி வைத்த எதிர்க் காந்தம் மட்டும் மாறாமல் அப்படியே இருக்கும். அப்போது அந்த மருந்தே நோயாகிவிடாதா?

1854-ஆம் ஆண்டு ஜனவரி 19-ஆம் நாள் லிவர்பூலிலிருந்து 'டெய்லர்' என்ற புத்தம் புதிய இரும்புப் பாய்க்கப்பல் மெல்போர்னுக்குப் புறப்பட்டது. அதுவே அதன் முதல் பயணம். ஏறத்தாழ 650 பேர் அதில் இருந்தார்கள். பெரும்பாலோர் ஆஸ்திரேலியாவில் தங்கம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டுக் குடும்பத்தோடு கிளம்பியவர்கள். கடல் கொந்தளித்தது, மூடுபனியில் கரை தெரியவில்லை. கப்பலில் இருந்த திசைகாட்டிகள் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசின. தெற்கு நோக்கி ஐரிஷ் கடலின் நடுவில் போய்க்கொண்டிருப்பதாக நினைத்தார்கள். உண்மையில் கப்பல் மேற்கே அயர்லாந்துக் கரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 21-ஆம் நாள் பகலில், டப்ளினுக்கு அருகிலுள்ள லாம்பே தீவின் பாறைகளில் மோதி மூழ்கியது. கரை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் 300-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெண்களும் குழந்தைகளும் நூற்றுக்கும் மேல் இருந்த அந்தக் கப்பலிலிருந்து, விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் அவர்களில் பிழைத்தார்கள். பாவாடையும் மேலாடையும் நீரில் ஊறிக் கனத்து அவர்களைக் கீழே இழுத்துவிட்டன.

ஊசி ஒன்றையே குற்றம் சொல்வது நேர்மை ஆகாது. கப்பலின் அளவுக்குச் சுக்கான் சிறியது. பாய்க் கயிறுகள் புதியவை, கப்பிகளில் எளிதில் ஓடவில்லை. ஆனால் எந்தப் பக்கம் போகிறோம் என்று தெரிந்திருந்தால், இந்தக் குறைகளோடும் அவர்கள் கடல் நடுவிலேயே இருந்திருப்பார்கள் அல்லவா?

அதே ஆண்டு செப்டம்பரில் லிவர்பூலில் நடந்த அறிவியல் மாநாட்டில் ஸ்கோர்ஸ்பி எழுந்து, இந்த விபத்தைச் சுட்டிப் பேசினார். ஏரிக்குக் கோபம் வந்தது. பத்திரிகையில் கடுமையான மறுப்பு எழுதினார். இருவருக்குமிடையே நடந்த சண்டை படிப்பதற்குச் சுவையானது. ஒருவர் கணக்கிலே தேர்ந்தவர். மற்றவர் கடலிலே தேர்ந்தவர். என் கருத்தில் ஏரியின் கணக்கில் பிழை இல்லை. ஆனால் காந்தம் என்றும் ஒரே அளவாக இருக்கும் இரும்புக்குத்தான் அந்தக் கணக்கு பொருந்தும். அலைகளால் அடிபடும் கப்பல் அந்த இரும்பு ஆகுமா என்பதுதான் கேள்வி.

அதைத் தீர்ப்பதற்கு ஒரே வழி, கப்பலிலே போய்ப் பார்ப்பது. 1856-இல், அறுபத்தாறு வயதில், ஸ்கோர்ஸ்பி 'ராயல் சார்ட்டர்' என்ற இரும்புக் கப்பலில் ஏறி மெல்போர்னுக்குப் போய்த் திரும்பினார். வழிநெடுகக் கப்பலின் பல பாகங்களில் காந்தத்தை அளந்தார். இரும்பிலிருந்து விலகியிருக்கட்டும் என்று பாய்மரத்தின் உயரத்திலும் ஒரு திசைகாட்டியை அமைத்திருந்தார். தென் அரைக்கோளத்துக்குள் போனதும், நிமிர்ந்து நின்ற இரும்புகளின் முனைகள் தலைகீழாக மாறின. கப்பலின் குணமே மாறிற்று. பாய்மரத்து உச்சியிலிருந்த ஊசி நன்றாகத் துணை செய்தது. ஊர் திரும்பிய அடுத்த ஆண்டே அவர் இறந்துபோனார். பயண நூல் அவர் மறைவுக்குப் பிறகு 1859-இல் வெளிவந்தது.

வடக்கும் தெற்கும் மாறும் இந்த எல்லை எங்கே இருக்கிறது என்று கேட்டால், பதில் நம் வாசலுக்கே வருகிறது. ஊசி சாயாமல் சமமாகப் படுத்திருக்கும் இடங்களை இணைத்தால் வருவது காந்த நடுக்கோடு. அது தமிழகத்தின் தென்கோடி வழியாகவும் தென் தாய்லாந்தின் வழியாகவும் செல்கிறது. சிங்கப்பூர் அதற்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. ஆகவே இலண்டனில் வடமுனை வெகுவாகத் தாழ்ந்த ஊசி, இங்கே தென்முனை சிறிதளவே தாழ்ந்து நிற்கும். ஊசியைத் திருப்பும் கிடைவிசையோ இங்கே இலண்டனைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. உண்மை வடக்கிலிருந்து விலக்கமும் சிங்கப்பூரில் இன்று ஒரு பாகைக்கும் குறைவுதான். காந்த ஊசிக்கு உலகத்தில் இதைவிட வசதியான வீடு அதிகம் இல்லை.

இதை அளந்து சொல்வதற்காகவே சிங்கப்பூரில் ஒரு காந்த ஆய்வு நிலையம் இருந்தது. பூமியின் காந்தத்தை உலகெங்கும் ஒரே காலத்தில் அளப்பது என்று பிரிட்டிஷ் அறிஞர்கள் பெருமுயற்சி தொடங்கியபோது, கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை, சிம்லா, பம்பாய், சிங்கப்பூர் ஆகிய இடங்களில் கருவிகளை அமைக்க ஒப்புக்கொண்டது. சிங்கப்பூருக்கு வந்தவர் சென்னைப் பொறியியல் படைப்பிரிவைச் சேர்ந்த எலியட் என்ற அதிகாரி. 1841 முதல் 1845 வரை இங்கே அளவுகள் எடுத்தார். பிறகு 1846 முதல் 1849 வரை சுமத்ரா, ஜாவா, போர்னியோ, கீலிங் தீவுகள் என்று கருவிப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு தீவு தீவாகப் போனார். அவர் தொகுத்த அளவுகள் 1851-இல் இலண்டன் ராயல் சங்கத்தின் ஏட்டில் வெளிவந்தன. சிங்கப்பூர் வரலாற்றில் ராபிள்ஸ் பெயரைச் சொல்லும் அளவுக்கு எலியட்டின் பெயரை நாம் சொல்வதில்லை. ஆனால் இந்தக் கடல்களில் ஊசி எப்படி நடந்துகொள்ளும் என்பதை மாலுமிகளுக்கு எண்களால் சொன்ன முதல் மனிதர்களுள் அவரும் ஒருவர்.

இனி இரும்புக் கப்பலுக்கு மருந்து கண்ட கதை. 'டெய்லர்' விபத்துக்குப் பின் 1855-இல் லிவர்பூலில் இதற்கெனவே ஒரு குழு அமைந்தது. புதுக் கப்பல் கட்டப்படும்போது எந்தத் திசை நோக்கிக் கிடந்ததோ அதற்கு எதிர்த்திசையில் திருப்பி நிறுத்தி, மீதி வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். முதலில் ஏறிய காந்தம் ஓரளவு அதில் இறங்கிவிடும். பிறகு வந்தவர் வில்லியம் தாம்சன். பின்னாளில் கெல்வின் பிரபு. 1874-இல் ஒரு பத்திரிகைக்காகத் திசைகாட்டி பற்றிக் கட்டுரை எழுதத் தொடங்கினார். முதல் பகுதி வந்தது. இரண்டாம் பகுதி வர ஐந்து ஆண்டுகளாயின. இடையில் அவர் திசைகாட்டியையே மாற்றி அமைத்துக்கொண்டிருந்தார்! கனத்த ஊசிகளுக்குப் பதிலாக எட்டுச் சிறு ஊசிகளைப் பட்டு நூலில் கோத்து, அட்டை வளையத்தில் தொங்கவிட்டு, மிக இலேசான வட்டு ஒன்றைச் செய்தார். ஊசி சிறியதாக இருந்தால்தான் அதைச் சரிசெய்யும் இரும்பும் சிறியதாக இருந்தால் போதும். பெட்டியின் இருபுறமும் இரண்டு இரும்புக் குண்டுகள், உள்ளே இடம் மாற்றக்கூடிய காந்தங்கள், முன்னே பிளிண்டர்ஸ் தண்டு. எதிரிழுப்பு கொடுக்கும் ஏரியின் முறையேதான். ஆனால் எல்லாமே நகர்த்தக்கூடியவை. ஸ்கோர்ஸ்பி அஞ்சியபடி கப்பலின் காந்தம் மாறினால், இவற்றையும் மாற்றிக்கொள்ளலாம். இது நடக்காது என்று ஏரி சொன்னார் என்பார்கள். 1889-இல் பிரிட்டிஷ் கடற்படை அதையே ஏற்றுக்கொண்டது.

நம்முடைய பாட்டன்மாரும் பெற்றோரும் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வந்திறங்கிய 'ரஜுலா' கப்பலை மூத்த நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1926-இல் கட்டப்பட்ட அந்த எஃகுக் கப்பல் 1973 வரை இந்தக் கடலில் ஓடியது. அந்தக் காலத்துக் கப்பல்களின் மேல்தளத்தில், மார்பளவு உயரத்தில் ஒரு மரப்பெட்டியும், அதன் இருபுறமும் பெரிய இரும்புக் குண்டுகளும் நிற்கும். சுற்றி விளையாடிய பிள்ளைகள் பலருக்கு அது என்னவென்று தெரிந்திருக்காது.

இன்று கப்பல்களில் சுழலும் திசைகாட்டி இருக்கிறது. அதற்கும் காந்தத்துக்கும் தொடர்பில்லை. செயற்கைக்கோள் வழிகாட்டியும் இருக்கிறது. ஆயினும் மின்சாரம் இல்லாமலே வேலை செய்யும் காந்தத் திசைகாட்டி ஒன்று இருந்தாக வேண்டும் என்று உலகக் கடற்பாதுகாப்பு விதி கூறுகிறது. அது சரிசெய்யப்பட்டும் இருக்க வேண்டும். அதற்காகத் திசைகாட்டி சரிசெய்வதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் கப்பலேறுவார். கப்பலை மெல்ல ஒரு முழு வட்டம் சுற்ற வைத்து, கரையில் தெரியும் கலங்கரை விளக்கம் போன்ற ஓர் அடையாளத்தைப் பார்த்து, திசைதோறும் ஊசி எவ்வளவு தவறுகிறது என்று அளப்பார். குண்டுகளையும் காந்தங்களையும் நகர்த்துவார். எவ்வளவு நகர்த்தினாலும் ஒரு பாகை, இரண்டு பாகை மிச்சம் இருக்கத்தான் செய்யும். அந்த மிச்சத்தை ஓர் அட்டவணையில் திசைவாரியாக எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டு, சுக்கான் அறையில் மாட்டிவிட்டு அவர் படகில் இறங்கிப் போய்விடுவார்.